பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: உறைந்த திரையின் வரலாறு

கணினியின் திரை திடுமென அசைவற்று நின்றுவிடுவதைக் காணாதவர் இன்று மிகச் சிலரே. சுட்டி நகர்வதில்லை, விசையை அழுத்தினால் விடை இல்லை, கடைசியாகத் தோன்றிய படம் மட்டும் சுவரில் மாட்டிய ஓவியம்போல் நிலைத்து நிற்கின்றது. இதனைத் ‘திரை உறைந்துவிட்டது’ என்பர். தொலைக்காட்சிப் படத்தையோ ஒளிப்பதிவுக் கருவியின் படத்தையோ கணினிக்குள் வாங்கித் தரும் பலகைக்குக் காணொளிப் பிடிப்பு அட்டை என்று பெயர். அவ்வட்டை பொருத்தப்பட்ட கணினிகளில் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் இவ்வுறைவு பெருவழக்காய் இருந்தது.

இப்பழுதின் வரலாறு ஒரு கருவியின் வரலாறு மட்டுமன்று. ஒன்றோடொன்று கூடி உழைக்கும் பல உறுப்புகளுள் குற்றம் எதனிடத்து என்று துணிவது எவ்வளவு அரிது என்பதற்கு அது ஒரு சான்று. குற்றமற்ற உறுப்புகள் பழி சுமந்தன. குற்றமுடையவை மறைந்து நின்றன. உண்மை எவ்வாறு வெளிப்பட்டது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நின்ற படம் சொல்லும் செய்தி

திரை உறைந்தவுடன் பலரும் திரையையோ அதற்குப் படம் அனுப்பும் வரைகலை அட்டையையோ ஐயுறுவர். இஃது இயல்பே; கண்ணுக்குத் தெரிவது அதுவொன்றே அன்றோ? ஆயின் சற்று எண்ணிப் பார்த்தால் இதன் மறுதலையே உண்மையெனப் புலப்படும். வரைகலை அட்டைக்குத் தனி நினைவகம் உண்டு. அதில் உள்ள படத்தை அது நொடிக்கு அறுபது முறை அல்லது அதற்கு மேலும் எடுத்துத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்குக் கணினியின் மையச் செயலியின் துணை வேண்டுவதில்லை. செயலி மயங்கி வீழ்ந்த பின்னரும் இப்பணி நடைபெறும். ஆகவே, மாறாத படம் ஒன்று தெளிவாக நிற்குமாயின், திரையும் வரைகலை அட்டையின் அப்பகுதியும் நலமாகவே உள்ளன என்பது பொருள். நின்றுபோனது வேறொன்று.

பிடிப்பு அட்டை உள்ள கணினியில் இன்னும் வியப்பான காட்சி ஒன்றும் காணப்பட்டது. சுட்டி நகராது, விசைப்பலகை செத்துக் கிடக்கும், ஆனால் திரையின் ஒரு மூலையில் தொலைக்காட்சிப் படம் மட்டும் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும். பிடிப்பு அட்டை செயலியை நாடாமல் தானே நேராக வரைகலை அட்டையின் நினைவகத்தில் படத்தை எழுதிவந்தமையே இதற்குக் காரணம். இக்காட்சி நுணுகி நோக்குவார்க்கு நல்லதொரு குறி. படம் ஓடினால் உறுப்புகளுக்கிடையே உள்ள பாதை உயிரோடிருக்கின்றது, மென்பொருளே சிக்கிக்கொண்டது எனக் கருதலாம். படமும் சேர்ந்து நின்றால் பாதையே அடைபட்டிருக்கக் கூடும்.

படத்தின் எடை

பாதை ஏன் அடைபட வேண்டும்? சிறு கணக்கொன்று இதனை விளக்கும். மலேசியாவும் சிங்கப்பூரும் எண்முறை ஒளிபரப்புக்கு மாறுமுன் கையாண்ட பால் என்னும் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 முழுப் படங்கள் வரும். ஒரு படத்தைக் குறுக்கே 768, நெடுக்கே 576 புள்ளிகளாகப் பகுத்து, புள்ளி ஒன்றுக்கு 2 பைட்டு என்று கொண்டால், ஒரு படத்திற்கு 8,84,736 பைட்டு ஆகும். 25 படங்களுக்கு 2,21,18,400 பைட்டு. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 22 மெகாபைட்டு.

எழுத்துக்கோப்பு ஒன்று சற்றே தாமதித்து வந்தால் எவர்க்கும் நட்டமில்லை. காணொளியோ காத்திராது. பால் முறையில் படத்தின் வரி ஒன்று 64 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். வாங்க ஆளில்லை என்றால் அது வீணாகும். கணினியின் உறுப்புகளுள் இவ்வளவு பெருஞ்சுமையை, இவ்வளவு கண்டிப்பான நேரத்தில், ஓயாது கொணர்ந்து கொட்டிய முதற் பொருள்களுள் பிடிப்பு அட்டையும் ஒன்று. பிற உறுப்புகளின் குறைகளை வெளிக்கொணர்ந்ததும் இதுவே.

முதற்காலம்: குறுகிய பாட்டை

உறுப்புகள் தம்முள் தரவு பரிமாறும் பொதுவழியைக் கணினி நூலார் ‘பாட்டை’ என்பர். ஐபிஎம் நிறுவனம் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட தனியாள் கணினியில் ஒருமுறைக்கு 8 துணுக்குகள் செல்லும் பாட்டை இருந்தது. 1984ஆம் ஆண்டின் ஏ.டி. கணினியில் அது 16 துணுக்குகளாக விரிந்தது. பின்னர் ஐ.எஸ்.ஏ. எனப் பெயர்பெற்ற அப்பாட்டையில் நொடிக்கு 8 மெகாபைட்டு செல்வதே அரிது. 22 மெகாபைட்டுச் சுமை அதில் செல்லாது என்பது வெளிப்படை.

எனவே அக்காலத்துப் பிடிப்பு அட்டைகள் வேறு வழி தேடின. 1987இல் வந்த விஜிஏ வரைகலை முறையில் அட்டையின் மேல்விளிம்பில் துணை இணைப்பு ஒன்று இருந்தது. பிடிப்பு அட்டை அவ்விணைப்பின் வழியே திரைப் படத்தைப் பெற்று, தன் நினைவகத்திலிருந்த காணொளியை அதனோடு கலந்து திரைக்கு அனுப்பிற்று. ஓடும் படம் பாட்டையைத் தொடவே இல்லை.

சிங்கப்பூரில் 1981ஆம் ஆண்டு சிம் வோங் ஹூ நிறுவிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்டு பிளாஸ்டர் ஒலி அட்டையால் உலகப் புகழ் பெற்றது. அந்நிறுவனம் 1992இல் வெளியிட்ட வீடியோ பிளாஸ்டர் இக்காலத்துப் பிடிப்பு அட்டைகளுள் பெயர்பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் மைக்ரோசாப்டு நிறுவனத்தின் காணொளி மென்பொருளும் வெளிவந்தமையால், வீட்டுக் கணினியில் படம் பிடிக்கும் ஆசை பரவலாயிற்று.

இக்காலத்து உறைவுக்கு இரு காரணங்கள் சிறப்பானவை. ஒன்று, முகவரி மோதல். ஐ.எஸ்.ஏ. பாட்டையில் 24 முகவரிக் கம்பிகளே உண்டு. ஆகவே 16 மெகாபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை அதனால் சுட்ட இயலாது. தன் நினைவகத்தைச் செயலிக்குக் காட்ட விரும்பும் அட்டை அந்த 16 மெகாபைட்டுக்குள் ஓர் இடத்தைப் பிடித்தாக வேண்டும். உரியவர் நினைவகத்தை 16 மெகாபைட்டாக உயர்த்திவிட்டால் அட்டைக்கு இடமில்லை, இருவரும் ஒரே முகவரியில் குடியேறினர், கணினி நின்றது.

மற்றொன்று, குறுக்கீட்டுக் கம்பி மோதல். ஓர் உறுப்பு செயலியைத் தன்பால் அழைக்க ஒரு மணி அடிக்கும் எனக் கொள்க. அம்மணிக்குரிய கம்பியே குறுக்கீடு எனப்படும். ஏ.டி. கணினியில் இத்தகைய கம்பிகள் 16. அவற்றுள் ஒன்று இரு கட்டுப்பாட்டுச் சில்லுகளை இணைக்கவே சென்றுவிட, எஞ்சியவை 15. கடிகாரம், விசைப்பலகை, வட்டு முதலியன அவற்றுள் பலவற்றை முன்னரே கொண்டன. ஐ.எஸ்.ஏ. முறையில் இரு அட்டைகள் ஒரு மணியைப் பங்கிட்டுக்கொள்வது ஆகாது. ஒன்றின் ஓசையில் மற்றொன்றின் ஓசை மறைந்துவிடும். அழைத்த உறுப்பு விடைக்காகக் காத்திருக்க, அதன் இயக்கி மென்பொருளும் உடன் காத்திருக்க, திரை உறையும். அட்டையில் உள்ள சிறு செருகிகளை இடம் மாற்றி வேறு கம்பியைத் தேர்வதே அன்றைய மருந்து. வேலை கடினம், ஆனால் காரணம் தெளிவு.

இரண்டாம் காலம்: பொதுப் பாட்டை

இன்டெல் நிறுவனம் 1992இல் பி.சி.ஐ. என்னும் புதிய பாட்டையை அறிவித்தது. 32 துணுக்கு அகலம். 33 மெகாஹெர்ட்சு விரைவு. ஆகவே நொடிக்கு ஏறத்தாழ 133 மெகாபைட்டு. 22 மெகாபைட்டுக் காணொளிக்கு இது போதும். மிகையும் உண்டு என்று தோன்றிற்று. அட்டைகள் செயலியை எதிர்பாராமல் பாட்டையைத் தாமே ஆளவும் இதில் வழி இருந்தது.

1990களின் நடுவில் புரூக்ட்ரீ என்னும் அமெரிக்க நிறுவனம் பிடி848 என்னும் சில்லை உருவாக்கிற்று. தொலைக்காட்சிக் குறிப்பலையை எண்ணாக்குதலும் பாட்டையில் ஏற்றுதலும் ஒரே சில்லில் அடங்கியமையால் அட்டைகளின் விலை வீழ்ந்தது. அந்நிறுவனத்தை 1996இல் ராக்வெல் வாங்கிற்று. 1999இல் அப்பிரிவு கோனெக்சன்ட் எனத் தனி நிறுவனமாயிற்று. இச்சில்லும் இதன் வழித்தோன்றலாகிய பிடி878உம் உலகெங்கும் எண்ணற்ற மலிவு விலை அட்டைகளில் இடம்பெற்றன. உறைவு என்னும் நோயும் அவற்றோடு வீடுதோறும் புகுந்தது.

அஃது ஏன்? பாட்டை அகன்றதாயினும் பொதுவானது. ஒரு நேரத்தில் ஒருவரே செல்லலாம். ஒற்றையடிப் பாலத்தின் இரு முனையிலும் வண்டிகள் காத்திருப்பதுபோல, ஒவ்வோர் அட்டையும் இசைவு கேட்டு, பெற்று, தன் சுமையை அனுப்பிவிட்டு விலக வேண்டும். பிடி848 சில்லில் வரும் படத்தைத் தேக்கி வைக்கும் இடம் 600 பைட்டுச் சொச்சமே. காணொளி வரும் விரைவில் இது 20 மைக்ரோ நொடியளவில் நிரம்பிவிடும். அதற்குள் வழி கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிடில் படத்தில் சில வரிகள் கெடும். இதுவரை தீங்கு சிறிதே. ஆயின் தாய்ப்பலகையில் வழியைப் பங்கிட்டுத் தரும் சில்லில் குறை இருக்குமானால், நெரிசல் மிகுந்த வேளையில் கேட்டவர்க்கும் கொடுப்பவர்க்கும் இடையே குழப்பம் நேரும், ஒருவரை ஒருவர் எதிர்நோக்கி இருவரும் நிற்பர், பாட்டை அடைபடும். அப்பொழுது கணினி முழுதும் உறையும்.

குறுக்கீட்டு மணிகளும் இக்காலத்தில் பொதுவாயின. பி.சி.ஐ. செருகுவாய்களுக்கு நான்கு கம்பிகளே உண்டு. அவற்றைப் பல அட்டைகள் பங்கிடலாம் என்பது விதி. மணி அடித்தால் அதனைப் பங்கிடும் ஒவ்வோர் இயக்கியும் ‘அழைத்தது என் அட்டையா?’ என்று பார்த்து, தன்னுடையதாயின் அதனை அமைதிப்படுத்த வேண்டும். ஓர் இயக்கி கடமை தவறினால் மணி ஓயாது ஒலிக்கும். செயலி அதனைக் கேட்பதிலேயே பொழுதைக் கழிக்கும். வேறு வேலைக்கு நேரமே இராது. நெறிப்படி நடந்த அட்டையும் அண்டை அட்டையின் தவற்றால் முடங்கிற்று.

பழி சுமந்தவை

அட்டையை வேறொரு செருகுவாய்க்கு மாற்றுக என்பது அக்காலத்தில் ஊரறிந்த கைமருந்து. பலர்க்கு அது பலித்தது. காரணம் அறிந்தவர் சிலரே. செருகுவாய்தோறும் அந்நான்கு கம்பிகளின் வரிசை மாற்றி இணைக்கப்பட்டிருந்தமையால், இடம் மாறியவுடன் மணியைப் பங்கிடும் கூட்டாளியும் மாறினான். இதனை அறியாதவர் ‘அந்தச் செருகுவாய் பழுது’ என்று முடிவு கட்டினர். பழுதற்ற பலகைகளையும் ஒதுக்கினர்.

வேறொரு கதையும் உண்டு. 1990களின் பிற்பாதியில் வரைகலை அட்டைகளின் விரைவை அளந்து ஒப்பிடும் வழக்கம் மிகுந்தது. எண்ணில் முந்த விரும்பிய சில இயக்கி மென்பொருள்கள், வரைகலை அட்டையின் தேக்கிடம் நிரம்பியுள்ளதா என்று பாராமலே கட்டளைகளைக் கொட்டின. இடமில்லாதபோது அக்கட்டளை பாட்டையை அடைத்துக்கொண்டு நின்றது. ஒலி அட்டையில் இரைச்சலும் பிடிப்பு அட்டையில் படக்கேடும் தோன்றின. பழி ஏற்றவை ஒலி அட்டையும் பிடிப்பு அட்டையும்; விரைவுப் பரிசு பெற்றது வரைகலை அட்டை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான காட்டு வேண்டுவதில்லை.

2001ஆம் ஆண்டில் தைவான் நாட்டு வியா நிறுவனத்தின் 686பி என்னும் தாய்ப்பலகைச் சில்லைப் பற்றி எழுந்த முறையீடுகளும் இவ்வகையினவே. பெருங்கோப்புகளை ஒரு வட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது தரவு சிதைந்தது. சவுண்டு பிளாஸ்டர் லைவ் ஒலி அட்டை உள்ள கணினிகளில் இது மிகுதியாகக் காணப்பட்டமையால் பலரும் ஒலி அட்டையையே குறை கூறினர். தாய்ப்பலகைச் சில்லுக்கான திருத்த மென்பொருளை வியா நிறுவனம் அவ்வாண்டிலேயே வெளியிட்டது. பாட்டையை மிகுதியாகப் பயன்படுத்திய அட்டை நோயை வெளிக்காட்டிற்றே அன்றி நோயை உண்டாக்கவில்லை.

ஏட்டில் ஏறிய அனுபவம்

உண்மையை வெளிக்கொணர்ந்தது ஒரு தனி மேதையின் ஆய்வன்று. பலர் எழுதி வைத்த குறிப்புகள் ஒன்றுதிரண்டதன் பயனே அது. லினக்சு இயங்குதளத்திற்காக ரால்ஃப் மெட்ஸ்லர், மார்க்கஸ் மெட்ஸ்லர், கெர்ட் நார் ஆகியோர் பிடி848 சில்லுக்கு இயக்கி எழுதினர். அதனோடு உறைவைப் பற்றிய தனிக் குறிப்பேடு ஒன்றும் இணைக்கப்பட்டது. குற்றம் இயக்கியிலும் இருக்கலாம், வன்பொருளிலும் இருக்கலாம், வேறெங்கும் இருக்கலாம் என்று அக்குறிப்பு நடுநிலையோடு தொடங்கும். ‘உறைகின்றது’ என்று மட்டும் எழுதுவதால் எவர்க்கும் பயனில்லை என்பதனையும் அது தெளிவுறுத்தும். வட்டும் காணொளியும் ஒருங்கே இயங்கும்போது மட்டும் உறைகின்றதா, வரைகலை அட்டையோடு மணியைப் பங்கிடும்போது உறைகின்றதா என்று பார்க்குமாறு அது கூறும்.

இவ்வாறு திரண்ட அறிவு பின்னர் இயங்குதளத்தின் கருவிலேயே இடம்பெற்றது. இன்ன தாய்ப்பலகைச் சில்லில் இன்ன குறை உண்டு, அதனைக் கண்டால் பிடிப்பு அட்டையை இவ்வாறு நடத்துக என்னும் பட்டியல், 2001இல் வெளிவந்த லினக்சு 2.4இன் காலத்தில் அதில் காணப்பட்டது. டிரைட்டன் எனப்பட்ட இன்டெல் 430எஃப்எக்சு, வியா நிறுவனத்தின் சில்லுகள் முதலியன அப்பட்டியலில் உண்டு. ஓர் அட்டை மற்றோர் அட்டையின் நினைவகத்தில் நேராக எழுதுவதை அறவே தாங்காத தாய்ப்பலகைகளும் தனியே குறிக்கப்பட்டன.

பிடி878 சில்லை வடித்தவர்களும் இதனை உணர்ந்திருந்தனர். 430எஃப்எக்சு போன்ற தாய்ப்பலகைச் சில்லுகளோடு ஒத்துப்போகும் பொருட்டு, பாட்டையைக் கேட்டுப் பெறும் நெறியைச் சற்று மாற்றிக்கொள்ளும் அமைப்பை அச்சில்லிலேயே வைத்தனர். தாய்ப்பலகையோடு பொருந்தாமை பிடிப்பு அட்டையின் உடலில் பதிவாயிற்று.

நாடும் முறை

இவ்வனுபவத்தால் உருவான ஆய்வு முறை எளியது. ஆனால் வரிசை தவறாதது. முதலில், நின்றது திரையா, கணினியா என்று வேறுபடுத்த வேண்டும். விசைப்பலகையின் விளக்கு விசைக்கேற்ப எரிந்து அணைகின்றதா, வலையமைப்பிலுள்ள மற்றொரு கணினிக்கு இது விடை தருகின்றதா என்று பார்த்தால் இது விளங்கும். இரண்டாவது, பிடிப்பு அட்டையைக் கழற்றிவிட்டு அதே வேலையைச் செய்து பார்த்தல். மூன்றாவது, படத்தைத் திரை நினைவகத்தில் நேராக எழுதாமல் பொது நினைவகத்தில் வாங்கிப் பார்த்தல்; உறைவு நீங்கினால் அட்டைகளுக்கிடையேயான நேர்வழி ஐயத்திற்குரியது. நான்காவது, வட்டு ஓய்ந்திருக்கும்போது பிடித்துப் பார்த்தல். ஐந்தாவது, செருகுவாயை மாற்றி, மணியின் கூட்டாளி யார் என்று குறித்தல். ஆறாவது, இயக்கியின் பதிப்பை மாற்றிப் பார்த்தல்.

இவற்றுள் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றியவர்க்கு நோய் தீர்ந்தாலும் அறிவு கிட்டுவதில்லை. மீண்டும் நோய் வந்தால் அவர் தொடங்கிய இடத்திலேயே நிற்பர். மேலும், அட்டை வேறொரு கணினியில் நன்றாக ஓடுவது அது குற்றமற்றது என்பதற்கு முழுச் சான்றாகாது. தாய்ப்பலகை அட்டையின்றி நன்றாக ஓடுவதும் அவ்வாறே. இரண்டும் தனித்தனியே நலமாயிருந்து, கூடும்போது கெடுவதே இந்நோயின் தனித்தன்மை.

மூன்றாம் காலம்: தனிவழி

பின்வந்த மாற்றங்கள் இப்பழுதின் வேரையே தாக்கின. 1998இன் இறுதியில் வெளிவந்த பி.சி.ஐ. 2.2 பதிப்பில், கம்பியின்றிச் செய்தி வடிவில் செயலியை அழைக்கும் முறை இடம்பெற்றது. 2002இல் வரையறுக்கப்பெற்று 2004இல் கணினிகளில் புகுந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரசு, ஒவ்வோர் அட்டைக்கும் தனிவழி அளித்தது. 2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, வரைகலைச் சில்லு 2 நொடிக்குள் விடை தராவிடில் அதனை மட்டும் மீட்டுத் தொடங்கும் முறையைக் கொண்டிருந்தது. திரை ஒருகணம் இருண்டு மீளும். கணினி முழுதும் வீழ்வதில்லை.

எனினும் சுமையும் உடன் வளர்ந்தது. 1920க்கு 1080 புள்ளிகள், நொடிக்கு 60 படங்கள், புள்ளிக்கு 2 பைட்டு என்றால் நொடிக்கு ஏறத்தாழ 249 மெகாபைட்டு. முதற்பதிப்பு எக்ஸ்பிரசின் ஒற்றை வழி 250 மெகாபைட்டுக்கே உரியது. அதிலும் ஒரு பகுதி வழிச்செலவாகும். 2000ஆம் ஆண்டின் யுஎஸ்பி 2.0 கணக்களவில் நொடிக்கு 60 மெகாபைட்டே தாங்கும். அதன்வழி முழுப் படத்தை அனுப்பும் சிறு கருவிகள் படத்தைச் சுருக்கியே அனுப்ப வேண்டும். 2008இன் யுஎஸ்பி 3.0 விரிவானதே, ஆயினும் கணினியின் பக்கத்திலுள்ள பல துளைகள் உள்ளே ஒரே கட்டுப்பாட்டுச் சில்லைப் பங்கிடுவதுண்டு. பிடிப்புக் கருவியும் புறவட்டும் அருகருகே செருகப்பட்டால் பழைய நெரிசல் புதிய உருவில் தோன்றக் கூடும். வகுப்பறையில் பாடத்தைப் படம்பிடிக்கும் ஆசிரியர், படம் நின்றதும் கருவியை மாற்ற முனையுமுன் துளையை மாற்றிப் பார்ப்பது இன்றும் பொருத்தமானதே. மாற்றியபின் எது எதனோடு இருந்தது என்று ஒரு தாளில் குறித்து வைத்தல் அதனினும் நன்று.

நாற்பதாண்டுக் காலத்தில் பாட்டைகள் மாறின; சில்லுகள் மாறின; நிறுவனங்கள் கைமாறின. மாறாத செய்தி ஒன்று உண்டு. கூட்டு உழைப்பில் நேரும் குற்றத்தை, கண்ணுக்கு முதலில் படும் உறுப்பின்மேல் ஏற்றுதல் எளிது. அவ்வாறு ஏற்றிய பழியில் பெரும்பகுதி பொய்யாயிற்று. ஓயாது உழைத்தமையால் பிறர் குறையை வெளிப்படுத்திய பிடிப்பு அட்டையே நெடுங்காலம் குற்றவாளிக் கூண்டில் நின்றது. அதனை விடுவித்தது புதிய கருவி எதுவுமன்று. என்ன செய்தபோது நின்றது, என்ன மாற்றியபோது நின்றிலது என்று பொறுமையோடு எழுதி வைத்த பெயரறியாப் பலரின் குறிப்பேடுகளே அதனை விடுவித்தன.